மணி அடிக்கிறவள்

ரெட்டியார்பாளையம்
12 பிப்ரவரி 2022

செலின்,

போனில் நீ சொன்னதில் பாதி காற்றில் போய்விட்டது. கேட்ட பாதிக்கே அம்மா அழுதுவிட்டாள். "நம்ம ஊரு மடத்துக்கா வர்றா? பின்னாடித் தெரு மடத்துக்கா?" என்று போன் ஓய்ந்த பிறகும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம்மா என்று நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொன்னேன்.

நீ ஜார்க்கண்டுக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வருஷம் என்பது மே மாதத்தில்தான் தொடங்கும். நீ விழுப்புரத்தில் இறங்கி பஸ் பிடித்து வந்து, அந்தச் சாம்பல் நிறப் பையைக் கதவோரம் வைப்பாய். ஒரு மாதம் கழித்து அதே பையை எடுத்துக்கொண்டு போவாய். மிச்ச மாதங்கள் எல்லாம் அம்மா அந்தக் கதவோரத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். இனி அதெல்லாம் வேண்டாம். நடந்தே வந்துவிடலாம்.

முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஜன்னலுக்குக் கொசுவலை. அப்பாவின் கட்டிலைத் துடைத்துப் போட்டிருக்கிறோம். நீ மடத்தில்தான் தூங்குவாய் என்று சொன்னேன். "ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்ட்டுட்டு செத்த படுக்க வேணாமா?" என்றாள். எதிர்வீட்டுக் கமலவேணி வேறு வந்து, "அக்கா, ஒங்க தங்கச்சி வந்தா எங்க ஊட்டுக்கு ஒரு வாட்டி கூட்டியாங்க. எம் மருமவளுக்குப் பிரஷர் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் ஆஸ்பத்திரி இங்கே ஏற்கெனவே திறந்தாகிவிட்டது.

ஒன்று எனக்காகவும் சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பாடம், வீட்டில் அம்மாவின் மாத்திரை என்று ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தேன். இனி இரண்டு பேர் என்று நினைக்கும்போதே தோள் லேசாகிறது.

எந்த ரயில் என்று எழுது.

அன்புசெல்வி

*

சாய்பாசா அருகில், ஜார்க்கண்ட்
3 மார்ச் 2022

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை மருந்தகத்துத் திண்டில் உட்கார்ந்து படித்தேன். சால மரங்கள் இலை உதிர்க்கிற காலம். காகிதத்தின் மேல் ஒரு இலை வந்து விழுந்தது. அதை எடுக்காமலே மீதியைப் படித்தேன். கொசுவலை என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

அக்கா, நான் போனில் சரியாகச் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லாமல் காற்றின் மேல் பழியைப் போட்டேன் என்று வைத்துக்கொள்.

நம் ஊரில் வெள்ளை உடுப்புப் போட்ட எல்லோரையும் மாசேர் என்றுதான் கூப்பிடுவோம். சிஸ்டர் என்போம், கன்னியாஸ்திரி என்போம், வித்தியாசம் பார்க்கமாட்டோம். நானும் பார்த்ததில்லை. ஆனால் இரண்டும் வேறு வாழ்க்கை. இத்தனை வருஷம் நான் சிஸ்டர். சிஸ்டர் என்றால் அனுப்பப்பட்டவள். காய்ச்சல் என்றால் போவாள், பிரசவம் என்றால் போவாள், லீவில் வீட்டுக்கும் வருவாள். இந்த ஊரில் என்னை 'தீதி' என்கிறார்கள். அக்கா என்று அர்த்தம். உன் பெயரைத்தான் இங்கே சுமந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது நான் சேரப் போகிற மடத்தில் இருப்பவர்கள்தான் பழைய அர்த்தத்தில் கன்னியாஸ்திரிகள். அவர்கள் எங்கும் அனுப்பப்படுவதில்லை. அந்த மதிலுக்குள் இருந்து செபிப்பதுதான் அவர்கள் வேலை. அதற்கு அடைப்பு என்று பெயர். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுப் போடவும் தவிர அவர்கள் வெளியே வருவதில்லை. வீட்டுக்கு வருவதில்லை, அக்கா. சாப்பாட்டுக்கும் இல்லை. துக்கத்துக்கும் இல்லை.

ஏன் என்று கேட்பாய். எனக்கே கோர்வையாகத் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு குழந்தை என் கையில் பிறந்து, அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அழவில்லை, அவ்வளவுதான். அந்த அமைதிக்குள் நான் எங்கோ போய்விட்டேன். திரும்பி வந்தேனா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. அதன்பிறகு மருந்து எடுத்துக் கொடுக்கிற நேரமெல்லாம் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறவள் போல் இருக்கிறேன்.

மூன்று வருஷம் சோதனைக் காலம். அதற்குள் அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லலாம், நானும் திரும்பிவிடலாம். அதன் பிறகுதான் பெரிய வார்த்தைப்பாடு, ஆயுள் முழுவதற்குமான சத்தியம். அதற்குப் பிறகு திரும்புதல் இல்லை.

அம்மாவிடம் நீ சொல்வாயா? நான் கோழைதான்.

செலின்

*

ரெட்டியார்பாளையம்
20 ஜூன் 2022

செலின்,

நேற்று உன்னைப் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்தோம் என்றா சொல்ல வேண்டும்? பார்க்க வருகிறவர்களுக்கான அந்தப் பார்லுவாரில் ஒரு மரக்கிராதி, அதற்குப் பின்னால் நீ. கட்டம் கட்டமாக உன் முகம். உன் வாய் தெரிந்தபோது கண் தெரியவில்லை.

உன் கடிதத்தை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "கொஞ்சம் கண்டிப்பான மடம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அது என் தப்பு. அதனால்தான் அவள் வஞ்சிர மீன் குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு வந்தாள். தேங்காய்த்திட்டு ஏலத்துக்கு விடியலில் போய் வாங்கி வந்த மீன். நீங்கள் அங்கே மாமிசம் சாப்பிடுவதில்லை, மீன் திருநாளில் மட்டும் என்று வாசல் சிஸ்டர் தன்மையாகச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். பிறகு உன்னிடம் கேட்டாளே, "எப்பம்மா வீட்டுக்கு வருவ?" என்று, அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் தெரியுமா? "நீங்க வாங்கம்மா, மாசம் ஒருவாட்டி" என்றாய். விருந்தாளியிடம் சொல்வதுபோல.

திரும்பி வரும்போது மதிலை ஒட்டி நடந்தோம். அம்மா மதிலைத் தடவிக்கொண்டே வந்தாள். பாதி வழியில், "ஆயிரம் மைல் தாண்டி இருந்தப்ப வந்துக்கினு இருந்தா. தெரு தாண்டி வந்ததும் வரமாட்டன்றா. இன்னாடி கணக்கு இது?" என்றாள்.

நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அனுப்பப்படுகிறவளை 'சேர்' என்றும் அடைப்புக்குள் இருப்பவளை 'மொனியால்' என்றும் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்து, இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை எழுதிப் போட்டவள். அது எவ்வளவு பெரிய மதில் என்று இப்போதுதான் தெரிகிறது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். நோயாளிக்குப் போய் நிற்பது வேலை. அதை எங்களால் புரிந்துகொள்ள முடிந்தது, உன்னை விட்டுக்கொடுக்கவும் முடிந்தது. யாருக்கும் போய் நிற்காமல் உள்ளே உட்கார்ந்திருப்பது யாருக்கு வேண்டும்? அதுவும் அம்மாவுக்கு எழுபது தாண்டிய பிறகு? மூன்று வருஷம் கதவு திறந்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். யோசி. கட்டில் இன்னும் முன் அறையில்தான் கிடக்கிறது.

அன்புசெல்வி

*

மடத்திலிருந்து
28 ஆகஸ்ட் 2022

என் அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத அனுமதி இருந்தது. எழுத வார்த்தை இல்லை.

யாருக்கு வேண்டும் என்று கேட்டாய். தெரியவில்லை. இங்கே வந்த பிறகு கேள்விகளுக்குப் பதில் வருவதில்லை, கேள்விதான் மெல்ல மெல்லச் சத்தம் குறைகிறது. காலையில் எழுந்தால் இருட்டில் தென்னை ஓலைச் சத்தம். மழையா ஓலையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு எல்லோரும் ஒரே குரலில் பாடுவோம். தனியாக எந்தக் குரலும் மேலே வரக்கூடாது. முதல் மாதம் என் குரல் துருத்திக்கொண்டு நின்றது. இப்போது பாடும்போது நான் பாடுகிறேனா, பக்கத்தில் இருப்பவர் பாடுகிறாரா என்று தெரிவதில்லை. ஆற்றில் கை வைத்தால் எந்தத் தண்ணீர் நம் கையைத் தொட்டது என்று சொல்ல முடியுமா? அப்படி.

எனக்கு ஓஸ்தி சுடுகிற வேலை, பூசையில் கொடுக்கிற அந்த மெல்லிய அப்பம். மாவு, தண்ணீர், சூடான இரும்புத் தட்டு. வட்டம் வட்டமாக வெட்டி எடுத்த பிறகு மீதி நிற்கிற ஓட்டைத் தகடுகளை 'தூர்' வழியாகத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். தூர் தெரியும் அல்லவா, வாசல் சுவரில் சுழல்கிற அந்த மரப்பீப்பாய். உள்ளே வைத்துச் சுற்றினால் வெளியே போகும். ஆள் முகம் தெரியாது. அம்மாவுக்கு அந்தத் தகடு பிடிக்கும் என்று ஞாபகம். சின்னதில் நமக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாதியை அவளே தின்பாள்.

மீன் குழம்பை நான் மறக்கவில்லை. அதன் வாசனை மட்டும் கிராதிக்கு இந்தப் பக்கம் வந்தது. அன்று இரவு உணவு முழுக்க அதுதான் எனக்கு.

கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு, அக்கா.

செலின்

*

ரெட்டியார்பாளையம்
9 ஜனவரி 2024

செலின்,

தபால்காரர் கலியமூர்த்தி என்னைப் பார்த்து, "இந்தத் தெருவுல இருந்து அந்தத் தெருவுக்குப் போற லெட்டர் ஹெட் ஆபீஸ் போய் ஊரச் சுத்திட்டு வருது. எங்கிட்ட குடுங்க, மதில்மேல தூக்கிப் போட்டுட்டுப் போறேன்" என்கிறார். நான் ஸ்டாம்பு ஒட்டியே அனுப்புகிறேன். நமக்கிடையில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ அதை ஒழுங்காகச் சுற்றித்தான் வரட்டும்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அம்மா மாறிவிட்டாள். விடியலில் விழுப்புரம் ரோட்டில் பஸ் சத்தம் தொடங்குவதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போகிறாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறாள். உங்கள் மடத்து மூவேளை செப மணிக்காக. பனி நாளில் அந்த மணி மதிலுக்குள்ளிருந்து வருவது போலவே இருப்பதில்லை. எங்கோ கடலுக்குள் அடிப்பது போல் இருக்கிறது. மூன்று, பிறகு மூன்று. அதன் பிறகு ஒரு நீண்ட இடைவெளி. நின்றே போய்விட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி மூன்று.

ஒருநாள் நானும் கூடப் போய் நின்றேன். அந்த இடைவெளியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியா? மூச்சு வாங்கறா. சின்னப் புள்ளையிலயே அவளுக்கு இழுப்பு. படி ஏறினாக்கூட நடுவுல நிப்பா. செலின்தான் அடிக்கறா" என்றாள்.

உன்னிடமிருந்து அவளுக்கு ஒன்று கிடைத்துவிட்டது, செலின். மணி முடிந்ததும் கீழே வந்து காபி போடுகிறாள், பாட்டு முணுமுணுக்கிறாள். கமலவேணியிடம், "எம் பொண்ணு அடிச்சிட்டா, எழுந்து கோலம் போடு" என்று அதட்டுகிறாள். மாதாமாதம் பார்லுவாருக்கு வருவதைக்கூடக் குறைத்துவிட்டாள், கவனித்தாயா? "தெனம் பேசறா, அங்க போயி வேற இன்னா பேசறது" என்கிறாள்.

என் கேள்விக்கு இதுதான் பதிலோ என்று சில காலைகளில் நினைக்கிறேன். பஸ் ஓடத் தொடங்கியதும் அந்த நினைப்பு போய்விடுகிறது.

அன்புசெல்வி

*

மடத்திலிருந்து
5 பிப்ரவரி 2024

அக்கா,

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் தொடங்கிவிட்டால் எழுத முடியாது. அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

மணி அடிப்பது நான் இல்லை.

எனக்கு இழுப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. ஜார்க்கண்டு காற்றில் போய்விட்டது. மணி அடிப்பவர் சிஸ்டர் மோனிக். காரைக்கால்காரர். இங்கே எல்லோரிலும் மூத்தவர். கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை மரப்பட்டை மாதிரி ஆகியிருக்கிறது. ஆஸ்துமா. நடுவில் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சுப் பிடிப்பார். வேறு யாராவது அடிக்கட்டுமே என்றால், தானே அடிப்பதாக மடத்துத் தலைவி மதரிடமே கெஞ்சுவார். அவர் வீட்டார் எல்லோரும் பிரான்சுக்குப் போய் அங்கேயே ஆகிவிட்டார்கள். அண்ணன் இறந்தபிறகு கிறிஸ்துமஸ் அட்டைகூட வருவதில்லையாம். நான் வந்த பிறகு அவரைப் பார்க்க பார்லுவாருக்கு ஒருவரும் வந்ததில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடு. இல்லை, சொல்லாதே. தெரியவில்லை. உண்மை எது, இரக்கம் எது என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருநாள் மணிக்கூண்டுப் பக்கம் போய் நின்று அந்த இடைவெளியைக் கேட்டேன். அம்மா அங்கே மாடியில் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். என்னுடையது அல்லாத ஒரு மூச்சில் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். கனவில் நம் வீட்டுக்குள் நடந்து, எந்தப் பொருளையும் தொட முடியாமல் வருவோமே, அப்படி இருந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அடுத்த வருஷம் ஜூனில் பெரிய வார்த்தைப்பாடு. எல்லோரும் கூடி முடிவு செய்வார்கள், மதருக்கு என் மேல் நம்பிக்கை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, பெரும்பாலும். ஆனால் அம்மாவை உன் ஒருத்தி தோளில் வைத்துவிட்டு நான் இங்கே உட்கார்ந்து செபித்தால் அது செபம்தானா என்று ஒரு முள். நீ 'வா' என்று ஒரு வார்த்தை எழுது. வந்துவிடுகிறேன். முகம் சுளிக்காமல் வருவேன்.

செலின்

*

ரெட்டியார்பாளையம்
25 ஏப்ரல் 2024

செலின்,

உன் கடிதத்தை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். 'வா' என்று நான் எழுத வேண்டுமாம். நல்ல ஏற்பாடு. வந்தால் அக்கா கூப்பிட்டாள் என்று வருவாய். வராவிட்டால் அக்கா கூப்பிடவில்லை என்று இருப்பாய். சின்ன வயதிலும் மாங்காய் பறிக்க என்னைத்தான் ஏற்றிவிடுவாய்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் நீ சொல்வாய் என்று நினைத்தேன்.

ஓட்டுப்பதிவு அன்று விடியற்காலையிலேயே அம்மா என்னைப் பள்ளிக்கூட வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அவங்களும் இந்த பூத்துதான், கமலவேணி சொன்னா" என்றாள். எங்கள் ஓட்டைப் போட்டுவிட்டு வேப்பமர நிழலில் நின்றோம். மடத்து வேன் வந்தது. பழுப்பு உடையில் வரிசையாக இறங்கினீர்கள். ரொம்ப நாள் கழித்து இறங்குகிறவர்கள் நடக்கிற மாதிரி நடந்தீர்கள், தரையைப் பார்த்துப் பார்த்து. எல்லோரும் வழிவிட்டார்கள். கட்சிக்காரர்கள்கூடக் குரலைத் தாழ்த்தினார்கள்.

நீங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது கிராதி இல்லாமல் உன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். முன்நெற்றியில் நரை. அம்மா நேராக வந்தாள். ஆனால் உன்னிடம் வருவதற்கு முன் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மூத்தவரைப் பார்த்துவிட்டாள். வெயிலில் அவருக்கு மூச்சு வாங்கியது. உனக்கென்று கொண்டுவந்த மோரை முதலில் அவரிடம் நீட்டினாள். "குடிங்கம்மா, பெரியவங்க நீங்க மொதல்ல" என்றாள். அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்து, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகுதான் உன் தாடையைப் பிடித்து, "மணி நல்லா அடிக்கறடி" என்றாள்.

நீ சிரித்தாய், செலின். மை வைத்த விரலைப் பார்த்துக்கொண்டு சும்மா சிரித்தாய். மணி அடிக்கிறவர் பக்கத்திலேயே, அம்மாவின் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

என்னைக் குற்றம் சொல்ல இனி உன்னால் ஆகாது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன். உன் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. அம்மாவுக்கு முழங்காலில் வீக்கம், மாடிப்படி ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். ஏறுகிறாள்.

அன்புசெல்வி

*

மடத்திலிருந்து
22 டிசம்பர் 2024

என் அக்காவுக்கு,

அன்று சிரித்ததை நினைத்து நான் பலநாள் தூங்கவில்லை. உன் கோபம் நியாயம். ஆனால் இன்று வேறொன்று எழுத வேண்டும். அம்மா உன்னிடம் எதைச் சொன்னாள், எதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது.

புயல் மழைக்குப் பிறகு சிஸ்டர் மோனிக் படுத்துவிட்டார். மணிக்கயிற்றை மதர் என்னிடம் கொடுத்தார். நான் அடித்தேன். மூன்று, மூன்று, மூன்று. இடைவெளி இல்லாமல், சுத்தமாக. அம்மா கேட்பாள் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு நிஜமாகவே நான்.

இரண்டாம் நாள் மத்தியானம் தூர் அறையில் எனக்கு முறை. நீ பள்ளிக்குப் போயிருப்பாய். வெளியே அழைப்பு மணி. வழக்கம் போல, "இயேசுவுக்கே புகழ்" என்றேன்.

"மரியே வாழ்க. சிஸ்டர், நான் செலினோட அம்மா."

மரப்பீப்பாய் வழியாக வரும் குரல் கிணற்றிலிருந்து வருவது போல் இருக்கும். என் குரலும் அந்தப் பக்கம் அப்படித்தான் கேட்டிருக்கும்.

"ரெண்டு நாளா மணி வேற யாரோ அடிக்கறாங்க. எம் பொண்ணுக்கு இன்னா ஒடம்புக்கு?"

நான்தான்மா என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம், பிறகு அந்த மாடி, அந்தப் பனி, அத்தனை காலையும் பொய்யாகிவிடும். ஆனால் அக்கா, நான் அதை யோசித்துப் பேசாமல் இருக்கவில்லை. என் பெயர் என் வாயில் வரவில்லை. அந்தக் கதவில் நிற்கிற யாரோ ஒருத்தியாக மட்டும் இருந்தேன்.

"மணி அடிக்கிற சிஸ்டருக்கு இழுப்பு அதிகமா இருக்கும்மா. படுத்திருக்காங்க" என்றேன். அது உண்மை.

"தெரியும். பனி வந்தா அவளுக்கு ஆவாது. இந்தாங்க, மொளகு ரசம். கஞ்சியும் இருக்கு. சூடா குடுங்க. எம் பேரச் சொல்லிக் குடுங்க."

பீப்பாய் சுழன்று வந்தது. நம் வீட்டுத் தூக்கு. கைப்பிடியில் அப்பா சுற்றிய அந்தச் செம்புக் கம்பி. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே செருப்புச் சத்தம் போகிற மாதிரி போய், திரும்பி வந்தது.

"சிஸ்டர், இருக்கீங்களா? நீங்க யாரு பெத்த புள்ளையோ தெரியல. நீங்களும் ரெண்டு வாய் குடிங்க."

குடித்தேன்.

மீதியை சிஸ்டர் மோனிக்குக்குக் கொண்டுபோனேன். யார் கொடுத்தது என்று கேட்டார். "ஒரு அம்மா. தினமும் மாடியில நின்னு உங்க மணியைக் கேக்கறவங்க" என்றேன். அவர் எல்லாவற்றையும் குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். பிறகு, "நாளைக்கும் வருமா?" என்றார்.

செலின்

*

ரெட்டியார்பாளையம்
19 ஜனவரி 2025

செலின்,

நேற்று நடந்ததில் உனக்குத் தெரிந்த பாதி கிராதிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துப் பாதியை எழுதுகிறேன்.

முந்தின நாள் காலை நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நேரம் கெட்ட நேரத்தில் மணி கேட்டது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. துக்க மணி என்று எனக்குப் புரிவதற்குள் அம்மா முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அவள் யாரை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

இனிமேல் மறைக்க வழி இல்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அம்மா, செலின் இல்ல. நல்லாக் கேளு. இப்ப அடிக்கறதுதான் செலின்" என்றேன்.

அடுத்த மணி வரும்வரை அவள் மூச்சு விடவில்லை. வந்தது. கேட்டாள்.

"அப்ப இத்தினி நாளு அடிச்சது?"

"காரைக்கால் அம்மா ஒருத்தங்க. எலெக்‌ஷன் அன்னிக்கு மோர் குடுத்தியே, அவங்க."

"நான் குடுத்தனுப்பின ரசம்?"

"அவங்கதான் குடிச்சாங்க."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். உன்னைத் திட்டுவாள் என்றும். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அவங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள். யாரும் இல்லை, எல்லோரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள் என்றேன். "யாரும் இல்லாமயா ரெண்டு வருசமா என்ன எழுப்பி உட்டாங்க" என்று எழுந்தாள். "பொறந்த ஊட்டுக் கோடி வேணாமா? வா, கடை தொறந்திருப்பான்."

கன்னியாஸ்திரிக்குப் புடவை சாத்தமாட்டார்கள், அவர்கள் உடுப்பிலேயே அடக்கம் செய்வார்கள் என்று எத்தனையோ சொன்னேன். கேட்கவில்லை. வெள்ளையில் மெல்லிய நீலக் கரை. அதைத் தூரில் வைத்து அவளே சுற்றினாள். "காரைக்கால் அம்மாவுக்கு அம்மா ஊட்டுக் கோடி" என்று சொன்னாள். உள்ளே இருந்து பதிலே வரவில்லை. எடுத்தது நீதான் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். இந்தத் தடவை அவளும் கேட்கவில்லை.

நேற்று பூசையில் முதல் பெஞ்சு காலியாக இருந்தது. குடும்பத்தாருக்கு விடுவார்களே, அந்த பெஞ்சு. அம்மா நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கிராதி வழியாகப் பெட்டி தெரிந்தது. கால்மாட்டில் அந்தப் புடவை, மடிப்புக் கலையாமல். அதை அனுமதித்த உங்கள் மதருக்கு என் வணக்கத்தைச் சொல். நீங்கள் எல்லோரும் பாடினீர்கள். உன் குரலைத் தேடினேன். பழைய பழக்கம். கிடைக்கவில்லை. தேடுவதை விட்டபிறகு, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டேன். மழை நாளில் ஓட்டு வீட்டுக்குள் படுத்திருப்பது போல இருந்தது. எந்தத் துளி எந்த ஓட்டில் என்று அப்போது நாம் பார்த்ததில்லை.

வெளியே வரும்போது அம்மா, "பின்னாடி மெழுவத்தி புடிச்சிக்கினு நின்னது செலின்தான? எளச்சிட்டா" என்றாள். அவ்வளவுதான். மதில் ஓரமாக நடந்து வந்தோம். அவள் மதிலைத் தொடவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

யாருக்கு வேண்டும் என்று கேட்டு உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன். சலித்துக்கொண்டுதான் பார்த்துக்கொள்வேன். அது என் வேலை, உன்னால் வந்ததில்லை. கட்டிலைக் கமலவேணி மருமகளுக்குப் பிரசவத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

இரு.

ஜூனில் முதல் பெஞ்சில் நாங்கள் இருப்போம். தூக்கைத் திருப்பி அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இன்று விடியலில் நானும் மாடிக்குப் போனேன். பனி. மூன்று, மூன்று, மூன்று என்று நடுவில் நிற்காமல் அடித்து முடித்துவிட்டாய். அம்மா இன்னும் எதற்கோ காத்திருந்தாள். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படி இறங்கினாள்.

"ரொம்ப அவசரப்படறா," என்றாள். "பழகிடும்."

அக்கா